ஜெரால்டு வீட்டில் பில்டு ஓடுகிறது

இந்த வருஷம் மாமனார் ஊர்த் திருவிழாவுக்குப் போவதில்லை என்று ஜெரால்டு சபதம் எடுத்தார். சத்தமாக இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு எடுத்தார். இலுப்பூரில் கல்யாணமான ஆண்கள் சபதம் எடுக்கிற முறையே அதுதான். தண்ணீர்க் கஷ்டம் வந்தால் சபதமும் குறைந்துவிடும்.

காரணம் அவருடைய வலது தோள்.

ஆவூருக்கு அங்கிட்டு இருக்கிற அந்த ஊரில் ஒரு வழக்கம். திருவிழாப் பவனியில் மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதரின் சப்பரத்தை ஊர் ஆண்கள் தொட மாட்டார்கள். அந்த ஊரில் பெண் எடுத்த மாப்பிள்ளைகள்தான் தூக்க வேண்டும். பெண்ணைக் கொடுத்திருக்கிறோம், சும்மா விடலாமா என்று எந்தப் புண்ணியவான் யோசித்தானோ. போன வருஷம் ஜெரால்டுக்கு முன்பக்கத்து வலது மூலை. இடது மூலையில் அவருடைய சகலை மரியசூசை. மரியசூசை நடமாடும் மின்கம்பம். ஜெரால்டு அந்தக் கம்பத்தில் கட்டியிருக்கிற மீட்டர் பெட்டியின் உயரம். சப்பரம் கிளம்பியதுமே அவர் பக்கம் சாய்ந்தது. சம்மனசின் கையிலிருந்த ஈட்டி, முன்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போன பங்குச் சாமியாரின் முதுகைக் குறி பார்த்தது. சாமியார் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஜெபமாலையையும் வேகமாகச் சொன்னார், நடையையும் வேகமாகப் போட்டார். பவனி ஓட்டப் பந்தயமாகி முடிந்தது.

தோள் வீக்கம் ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. பேர் வற்றவில்லை. அந்த ஊரில் இன்றைக்கும் அவருக்குச் 'சாஞ்ச மாப்ள' என்றுதான் பேர். பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் இருக்கிறவர்கள் தலையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் வணக்கம் சொல்வார்கள்.

இதை வீட்டில் நேராகச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு அவர் மனைவி ஞானசெல்வியைத் தெரியாது. அவர் மூணாங்கிளாஸ் டீச்சர். வயித்து வலி, தாத்தா செத்துட்டாரு, நோட்டை ஆடு தின்னுருச்சு, இதையெல்லாம் கேட்டுக் கேட்டு ஊறிய காது. "எத்தனாவது தாத்தாடா?" என்று தலை நிமிராமலே கேட்கிற ஆள். ஜெரால்டு காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காலேஜில் லீவு தரவில்லை என்றால், மே மாசத்தில் எந்தக் காலேஜ் என்பார். எனவே மூணாங்கிளாஸில் எந்தப் பிள்ளையும் இதுவரை சொல்லியிராத காரணம் ஒன்று வேண்டும். அந்தக் கவலையிலேயே ஜெரால்டுக்குக் காதோர மயிர் நரைத்தது.

காரணம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வந்தது.

ஜெரால்டு ஒரு தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். விடுமுறையில் இணையத்தை மேய்ந்துகொண்டிருந்தபோது பெலிக்கன் என்று ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் கண்ணில் பட்டது. விண்டோஸ் எல்லாருக்கும் தெரியும். லினக்ஸ் சிலருக்குத் தெரியும். பெலிக்கனை வைத்திருக்கிறவர்களை எல்லாம் சேர்த்தால் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம், டிரைவர் பக்கத்தில் இடம் கூட மிச்சமிருக்கும். அதில் பைத்தான் ஓடாது. பைத்தான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற ஒரு மொழி. நிரலாக எழுதிக் கொடுத்தால் வரி வரியாகப் படித்து, எதிர்த்துப் பேசாமல் செய்யும். மற்ற சிஸ்டத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் பைத்தான் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பெலிக்கனில் அப்படி இல்லை. செங்கல்லும் மணலுமாக இறக்கி, நாமே கட்டி எழுப்ப வேண்டும். அதற்குப் பேர் பில்டு. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டியில் அது எப்போது முடியும் என்று சொல்லவே முடியாது.

எப்போது முடியும் என்று சொல்லவே முடியாது. ஜெரால்டு அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தார். உடம்பெல்லாம் குளிர்ந்தது.

மறுநாள் காலை இட்லித் தட்டின் முன் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"செல்வி, நான் ஒரு பெரிய வேலையில எறங்கப் போறேன். பெலிக்கன்ல பைத்தானைக் கட்டப் போறேன்."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. "ஒலகத்துல யாரும் இன்னும் கட்டி முடிக்கல."

"யாருக்கும் வேணாம்போல."

"அப்படிச் சொல்லப்படாது. இதுல ஒரே ஒரு செரமம். பில்டு ஓடுறப்ப பெட்டிய விட்டு நகரக் கூடாது. நடுவுல நின்னா மறுபடி முதல்லேருந்து. ஒங்க ஊர்த் திருவிழா வேற வருது." இந்த இடத்தில் ஜெரால்டு முகத்தைத் துக்கமாக்கினார். கண்ணாடி முன் பழகிய துக்கம். "மனசு கேக்க மாட்டேங்குது. என்ன செய்யிறது?"

ஞானசெல்வி அவரைப் பார்த்தார். வகுப்பில் அந்தப் பார்வைக்குப் பையன்கள் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்வார்கள்.

"சரிங்க. நகர வேணாம்" என்றார். இன்னொரு இட்லி வைத்தார்.

அவ்வளவுதான். ஜெரால்டு அந்த இட்லியைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போடாத மனைவி, குரைக்காத நாய் மாதிரி. எங்கே வாயை வைக்கும் என்று தெரியாது.

பொய்க்கு என்று தொடங்கிய வேலை. ஆனால் பெட்டிக்கு அது தெரியாதே. அது நிஜமாகவே பிடுங்கி எடுத்தது. கட்டுவதற்கு முன்னால் பைத்தான் ஒரு விசாரணை நடத்தும், சம்பந்தம் பேசப் போன வீட்டில் அத்தைக்காரி நடத்துகிற மாதிரி. கம்பைலர், அதான் கட்டுற கருவி, இருக்கா? இருக்கு. வேலை பாக்குமா, சும்மா ஒக்காந்திருக்குமா? பாக்கும். கணக்குப் போடுற லைப்ரரி, அதான் ரெடிமேடு நிரல் மூட்டை? இருக்கு. ஃபைலைச் சுருக்குற லைப்ரரி? இல்லை. இல்லையா? இல்லைங்க. அப்ப எந்திரிங்க, சம்பந்தம் வேணாம்.

சுருக்குகிற லைப்ரரியைத் தேடிப் பிடித்து வந்தால், அதைக் கட்ட இன்னொன்று கேட்டது. அந்த இன்னொன்று மற்றொன்றைக் கேட்டது. கடைசியில் ஒரு லைப்ரரி, என்னைக் கட்ட வேண்டுமென்றால் முதலில் பைத்தான் வேண்டும் என்றது. ஜெரால்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்படித்தான் இருந்தது. அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை பார்த்தால்தான் அனுபவம் என்று அவரை ஒரு காலத்தில் சுற்ற விட்ட கம்பெனிக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த லைப்ரரியே வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டுக் கட்டினார்.

பெலிக்கன் தன் பங்குக்கு, நீ சொல்கிற கட்டளை எனக்குத் தெரியாது, இந்தக் கோப்பைக் கேள்விப்பட்டதே இல்லை, அனுமதி இல்லை என்று தாலுகா ஆபீஸ் மாதிரியே பேசியது. ஜெரால்டு, பெலிக்கன் வைத்திருக்கிற வெளிநாட்டு நண்பர்களின் இணையக் குழுவில் இங்கிலீஷில் அழுதார். ஃபின்லாந்துக்காரர் ஒருவர் ஆறுதல் சொல்லி, ஒரு கோப்பைத் திருத்தி அனுப்பினார். அதைப் போட்டதும் வேறு இடத்தில் உடைந்தது.

ஒருநாள் முக்கால்வாசி ஓடியிருந்தபோது கரண்டு போய்விட்டது. யூ.பி.எஸ். கீச் கீச் என்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு உயிரை விட்டது. ஜெரால்டு இரண்டு கையையும் தலையில் வைத்துத் தரையில் உட்கார்ந்தார். நடிப்பே இல்லை. மீமிசலிலிருந்து வந்த கருவாட்டில் வைத்த குழம்பு, தட்டில் ஆறிப் போய் ஆடை கட்டியது. அவர் தொடவில்லை. ஞானசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில், போனது போகட்டும், வேற பில்டு வச்சுக்கலாம் என்று தேற்றினார்.

செய்தி சுவர் தாண்டியது. பக்கத்து வீட்டு முனியாயி எட்டிப் பார்த்து விசாரித்தார்.

"டீச்சரு, வீட்டுக்குள்ள என்னமோ பறவையும் மலைப்பாம்பும் வச்சிருக்கீகளாமே. பாரஸ்ட்காரவுக வந்தா நான் என்ன சொல்லட்டும்?"

"பாம்பு இன்னும் வரலக்கா" என்றார் ஞானசெல்வி. கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். "பறவை மட்டுந்தான் ஒக்காந்திருக்கு."

அப்புறம்தான் அந்த விபரீதம் நடந்தது. பில்டு முடிந்துவிட்டது.

ஒரு மத்தியானம், எந்தப் பிழையும் சொல்லாமல், எந்த அத்தையும் எழுந்து வராமல், திரை அமைதியாக நின்றது. ஜெரால்டு பைத்தான் என்று அடித்தார். மூன்று அம்புக்குறி வந்து கைகட்டி நின்றது. இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டார். நான்கு என்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெலிக்கன் முதுகில் பைத்தானை ஏற்றிய மனுஷன், இலுப்பூரில், லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறான்.

சந்தோஷம் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது. திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பில்டு முடிந்தால் காரணமும் முடிந்தது. காரணம் முடிந்தால் தோள் மட்டும்தான் மிச்சம். வெளிநாட்டு நண்பர்களுக்குச் சொன்னால் குழுவில் கூத்தடிப்பார்கள், டொங் டொங் என்று போன் அலறும், ஞானசெல்வி என்ன சத்தம் என்பார். ஆக, சாதனையை வாயில் போட்டு விழுங்க வேண்டியதுதான். நிரல் பிழையில்லாமல் ஓடியதற்காக நெஞ்சில் கை வைத்து வேர்த்த ஒரே ஆள் இந்தப் புதுக்கோட்டை ஜில்லாவில் ஜெரால்டாகத்தான் இருப்பார்.

வேர்வையைத் துடைத்தபோது யோசனை வந்தது. கையில்தான் பைத்தான் இருக்கிறதே.

பில்டு ஓடியபோது வந்த வரிகளெல்லாம் ஒரு கோப்பில் பத்திரமாக இருந்தன. அந்தக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியாக, கொஞ்சம் மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் திரையில் காட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து காட்டு. சாகிற வரை காட்டு. இதுதான் அவர் எழுதிய நிரல். அங்கங்கே சிவப்பில் ஒரு பிழையையும் சொருகினார், பெருமூச்சு விடத் தோதாக. பெலிக்கனில் ஓடிய முதல் பைத்தான் நிரல், ஒரு கணவன் தன் மனைவியிடம் சொன்ன பொய். ஃபின்லாந்துக்காரருக்கு இது தெரியாது.

திரையில் வரிகள் ஓடின. ஜெரால்டு நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். ஞானசெல்வி கடந்து போகும்போதெல்லாம் புருவத்தைச் சுருக்கி, "ம்ஹூம், வயசான பெட்டி" என்று முனகினார். மற்ற நேரம் போனில் சிலம்பாட்ட வீடியோ பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் மின்விசிறி நின்றது. யூ.பி.எஸ். கீச் என்றது, செத்தது, திரை கறுத்தது. முனியாயி வீட்டு டிவியில் சீரியல் மாமியார் ஒருத்தி மருமகளைச் சபித்துக்கொண்டிருந்தது கணீரென்று கேட்டது. ஜெரால்டு சோம்பல் முறித்தார்.

"கரண்டு போயிருச்சுங்க" என்றார் வாசற்படியில் நின்ற ஞானசெல்வி.

"போனா வருது. வாழக்கா இருக்கா? பஜ்ஜி போடேன்."

ஞானசெல்வி அவரையும் கறுத்த திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், இருக்குங்க என்றார். பஜ்ஜி நன்றாக வந்திருந்தது. ஜெரால்டு தின்கிற அழகை அவர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு கொல்லைப் பக்கம் போய் தன் அண்ணன் ஃபிரெடியிடம் போனில் வெகுநேரம் பேசினார். நடுநடுவே சிரிப்பும் கேட்டது. கரண்டு வந்ததும் ஜெரால்டு மறுபடி நிரலை ஓட விட்டார். அண்ணன் தங்கச்சி பேசினால் நமக்கென்ன என்று நினைத்தார்.

திருவிழா அன்று காலை வாசலில் குட்டியானை லாரி வந்து நின்றது. அதன் மேல் மைக்செட்காரரின் இன்வெர்ட்டர், மாட்டுக்கன்று அளவு பேட்டரி ஒன்று, அடியில் மெத்தை. முன்சீட்டிலிருந்து ஃபிரெடி குதித்தார். குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். இந்த வருஷம் திருவிழாக் கமிட்டியும் அவர் கையில்தான்.

"மாப்ள, நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க. குவைத்துல கறிக்கட ஃப்ரீசரையே ஓட ஓட வீடு மாத்துன ஆளு நானு."

ஜெரால்டு வாசலுக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றார். பில்டு, அசைக்கக் கூடாது, தூசி, ஆபத்து என்று என்னென்னவோ சொன்னார். ஞானசெல்வி புதுச் சேலையில் வந்து அமைதியாகச் சொன்னார்.

"நீங்க பெட்டிய விட்டு நகர வேணாங்க. பெட்டி ஒங்களோட வரட்டும்."

யூ.பி.எஸ். கத்தி முடிப்பதற்குள் ஃபிரெடி பிளக்கைப் பிடுங்கி இன்வெர்ட்டரில் சொருகிவிட்டார். திரையில் வரிகள் நிற்காமல் ஓடின. பாவி நிரல், இப்போதாவது ஒரு நிஜப் பிழை வந்து நிற்கக் கூடாதா? நிற்கவில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்.

வண்டியின் பின்னால், மெத்தை மேல், சி.பி.யூ.வைக் காலிடுக்கிலும் மானிட்டரை மடியிலும் வைத்துக்கொண்டு ஜெரால்டு பயணம் போனார். ஒவ்வொரு வேகத்தடையிலும், பெற்ற தகப்பன் மாதிரி, மெதுவா, மெதுவா என்று கத்த வேண்டியிருந்தது. கத்தாவிட்டால் சந்தேகம் வருமே. ரோட்டோரத்தில் ஒருவர், புது டிவியா என்று கேட்டார். டீக்கடை வந்தது. தலைகள் வரிசையாகச் சாய்ந்தன. சாஞ்ச மாப்ள டிவியோடு வந்திருக்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சாயிற்று.

மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் பெட்டியை இறக்கினார்கள். மாமியார் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்லபடியா முடியட்டும் என்று பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வைத்தார். ஜெரால்டு அந்த மெழுகுவத்தியைப் பார்க்காமல் இருக்கச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு பயம். சாயங்காலம் மாப்பிள்ளைமார்கள் வருவார்கள். கையைப் பிடித்து இழுப்பார்கள். முன் வலது மூலை காத்திருக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தோள் தானாகவே ஒரு பக்கம் இறங்கியது.

ஆனால் ஞானசெல்வி வாசலிலேயே நின்று, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அவரு நகர முடியாது, பில்டு ஓடுது, யாரும் கூப்பிடாதீக. கேட்ட ஜெரால்டின் நெஞ்சு இளகியது. இப்படி ஒரு மனைவியிடமா பொய் சொன்னோம் என்று ஒரு நிமிஷம் வருந்தினார். ஒரு நிமிஷத்துக்கு மேல் வருந்த விடாமல் ஃபிரெடி ஒரு மூட்டையோடு உள்ளே வந்தார். நாளைக்கு ஊருக்கே அசனம், பொதுச் சாப்பாடு. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம்.

"சும்மாதான ஒக்காந்திருக்கீக மாப்ள, கை பாட்டுக்கு உரிக்கட்டும்."

ஜெரால்டு சந்தோஷமாகவே உரித்தார். சப்பரம் எங்கே, வெங்காயம் எங்கே. ஒரு மூட்டை தீர்ந்ததும் இன்னொன்று வந்தது. அது தீர்ந்ததும் பூண்டு வந்தது. அப்புறம் முருங்கைக்கீரை கட்டுக் கட்டாக வந்து மடியில் விழுந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்த மாமியார், பில்டை நினைத்து அழுகிறார் என்று இன்னொரு மெழுகுவத்தி ஏற்றினார். இடுப்பு விட்டுப் போயிற்று. எழுந்து நிற்கலாம் என்றால், எழுந்தால் தூக்கக் கூப்பிட்டுவிடுவார்களே.

பேண்டுச் சத்தம் கிளம்பியது. வெடி வெடித்தது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று ஜெரால்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் ஜன்னலைச் சாத்தினார். புழுக்கத்தில் உட்கார்ந்து, மரியசூசையின் தோளை நினைத்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டார். கொஞ்சம் சிரித்தும் கொண்டார்.

பவனி முடிந்து மரியசூசைதான் முதலில் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை இஸ்திரியோடு இருந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. கையில் சேமியா ஐஸ்.

"தோள் எப்படி இருக்கு சகல?" என்று கேட்டார் ஜெரால்டு, உள்ளூர ருசித்து.

"தோளுக்கு என்ன? சப்பரத்துக்குத்தான் சக்கரம் போட்டாச்சே. ஒத்த வெரலால தள்ளுனோம். மிச்ச நேரமெல்லாம் போட்டோதான்." மரியசூசை ஐஸை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "நீங்க ஏன் இங்கிட்டு வேத்துக் கெடக்கீக?"

ஜெரால்டு கையிலிருந்த பூண்டு உருண்டு போனது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். ஞானசெல்வி குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். வரிகள் ஓடிக்கொண்டிருந்த திரை இருண்டது. ஜெரால்டு பழக்கத்தில் ஐயோ என்றார். கொஞ்சம் தாமதமாக.

"அன்னைக்குக் கரண்டு போகலைங்க. நாந்தான் மெயின அணச்சேன்" என்றார் ஞானசெல்வி. "நெசமாவே ஓடுனப்ப கருவாட்டுக் கொழம்பையே தொடாத மனுசன், அன்னைக்குப் பஜ்ஜி கேட்டீக."

"சக்கரம் போட்டது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பொங்கலுக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா என்னையப் பெட்டியோட தூக்கிட்டு வந்தே? அதான் தூக்குறதுக்கே ஆள் வேணாமே?"

ஞானசெல்வி உரித்த வெங்காயக் குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"தூக்குறதுக்கு ஆள் வேணாங்க. நாள் பூரா எடத்த விட்டு நகராத ஆளுதான் எங்க தேடியும் கெடைக்கல."